செத்த எலியின் துடிப்பு

மகன் வல்லரசுவின் கட்டைவிரல் ஐஸ் பெட்டியில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது, வரதனுக்கு முதலில் ஞாபகம் வந்தது போன மாதத்துச் செத்த எலிதான். திருவொற்றியூர் பட்டறையில் பிரஸ் மெஷின் வெட்டிய விரல். அதை ஒட்டித் தைக்கப்போவது டாக்டரம்மா தேவப்பிரியம் என்றதும் ஆபரேஷன் தியேட்டரைப் பார்த்து ஓடினான்.

ராயபுரத்தில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் பயிற்சிக்கூடத்துக்கு உதவியாள் வரதன்தான் எல்லாம். மயிரிழை மாதிரி ரத்தக்குழாய்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைக்கப் பழகும் டாக்டர்களுக்கு முதலில் ரப்பர் கையுறை, அப்புறம் கோழிக்கால், கடைசியில் மயக்கிய எலி. அந்த 2002ஆம் வருஷம் கல்மண்டபத்துக் கறிக்கடைக்குத் தினமும் கோழிக்கால் வாங்கப் போவான். கடைக்காரர் அப்துல் வஹாப் சீண்டுவார்.

"இன்னா வரதா, செத்த கோயிக்கு இன்னாத்துக்குபா வைத்தியம்?"

வஹாபுக்கு என்ன தெரியும்! அந்தக் காலின் குழாய்க்குள் சிவப்புச் சாயத் தண்ணீரை விட்டு, ரப்பர் குமிழை அமுக்கி அமுக்கி விடுவான் வரதன். தன் நெஞ்சு அடிக்கிற கணக்குக்கே அமுக்குவான். செத்த கால் உயிரோடு இருப்பதுபோல் துடிக்கும். புது டாக்டர்களுக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும்.

தேவப்பிரியத்தின் எலித் தேர்வு அன்றுதான் வந்தது வினை. எலி நடுவில் விழித்துவிடுமோ என்று பயந்து, பாவி, மயக்க மருந்தைக் கொஞ்சம் கூடவே ஏற்றிவிட்டான். எலி காலி. மாற்று எலியும் கைவசம் இல்லை. வேலை போய்விடும் என்ற நடுக்கத்தில், தொடை மட்டும் தெரியும்படி துணியைப் போர்த்தி, வயிற்றிலுள்ள பெரிய ரத்தக்குழாயில் டியூபைச் செருகி, மேசைக்கடியில் குமிழை அமுக்கினான். அவர் தைத்தார். தைத்த இடம் துடித்தது. பெரிய டாக்டர் பக்தவச்சலம் தேறிவிட்டதாகத் தலையாட்டிவிட்டார். ஆக, உயிருள்ள எதையும் அந்தம்மா தைத்ததே இல்லை!

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வரதன் அவரை மறித்தான்.

"டாக்டரம்மா, அன்னிக்கு அந்த எலி செத்துப் பூட்ச்சு. நாந்தான் அமுக்கிகினு இருந்தேன். எம்புள்ள வெரலும்மா... வேற யாரையாச்சும் கூப்புடுங்க." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

தேவப்பிரியத்தின் முகம் வெளுத்தது. "எனக்கும் தெரியும், வரதன். முதல் தையல் போடும்போதே உங்க டியூப் கழண்டு துணியில கிடந்துச்சு. அதுக்கப்புறமும் எலி துடிச்சுது. பயந்துபோய் யார்கிட்டயும் சொல்லல. வேற டாக்டர் வர்றவரைக்கும் விரல் தாங்காது. அன்னிக்கு மாதிரியே நீங்களும் உள்ள வந்து பக்கத்துல நில்லுங்க."

நின்றான். குமிழும் இல்லை, டியூபும் இல்லை. வெறுங்கையோடு நாலு மணி நேரம் நின்றான். மெழுகாய்க் கிடந்த விரல் மெல்லச் சிவந்தது.

பத்தாம் நாள், புளியந்தோப்புக் குடியிருப்பில் மூணு மாடி ஏறி வரதன் தன் வீட்டுக்குள் நுழைந்ததும் வல்லரசு கையை நீட்டினான்.

"நைனா, தொட்டுப் பாரு. மணிக்கட்டுல ஒரு மாரி அடிக்குது, வெரல்ல வேற மாரி அடிக்குது."

தொட்டான். மணிக்கட்டில் இளவட்ட நாடி நிதானமாக ஓடியது. விரலோ படபடவென்று இரைத்தது. வரதன் தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். அதே கணக்கு. படியேறிய களைப்பில் நெஞ்சு ஒரு துடிப்பு தவறியது. விரலும் தவறியது.

சட்டைப்பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்து ஜன்னல் வழியே வீசினான். மகனின் விரல் பிழைத்திருக்க வேண்டுமானால், இனி அவன் சாகக் கூடாது.