அடுப்பு எரியாத மூன்று நாட்கள்

பூந்தமல்லிப் பக்கம் மெட்ரோ தூண்கள் எழுந்ததும், அவற்றை ஒட்டி அடுக்குமாடித் திட்டங்கள் வரிசைகட்டின. அப்படி ஒரு திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்த குழுவில் நானும் இருந்தேன். பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு கட்டடம் வந்தால் அங்குள்ள காற்றும் தண்ணீரும் மனிதர்களும் என்ன ஆவார்கள் என்று, அதைக் கட்டப்போகிறவரிடமே சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதும் வேலை. கரூரில் இருக்கும் என் அம்மாவிடம், சுற்றுச்சூழலைக் காப்பாற்றும் வேலை என்று சொல்லிவைத்திருந்தேன். அம்மா அதை உறவுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார்.

ரயிலுக்குப் பக்கத்திலேயே வீடு, நடந்தே போய் ஏறிக்கொள்ளலாம், காருக்குத் தேவையே இருக்காது என்று அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தோம். கார் நிறுத்தப் பூமிக்கடியில் இரண்டு தளங்கள் என்பது நாற்பது பக்கம் தள்ளி வரும். அதுவரை யார் படிக்கப்போகிறார்கள்?

காற்றை அளக்க ஒரு பெட்டி உண்டு. நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சி, உள்ளே இருக்கும் வெள்ளைத் தாளில் தூசியைப் பிடித்துவைக்கும். அதற்குக் கொஞ்சம் உயரமான இடமும் நிற்காத கரண்டும் வேண்டும். திட்ட நிலத்தின் கிழக்கு ஓரத்தில், வாய்க்கால் புறம்போக்கில் நான்கு வீடுகள் இருந்தன. மூன்று, ஷீட் போட்டவை. ஒன்றுக்கு மட்டும் கான்கிரீட் தளம். அந்த வீட்டு அக்காவிடம் போய் நின்றேன். அவருக்கு நாற்பது வயது இருக்கும். அவருடைய குடும்பம் ஒரு காலத்தில் பாரிவாக்கம் வயல்களில் கூலிக்கு நடவு நட்டது. இப்போது அவர் அதே வயல்கள் இருந்த இடத்தில் நிற்கும் ஒரு குடியிருப்பில் மாடிப்படி துடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னாமா இது, ஃப்ரிஜ்ஜா?” என்றார்.

காற்றை அளக்கும் பெட்டி என்றேன்.

“இங்க வச்சி அளந்தா, இங்க ஊடு கீதுன்னு கவர்மெண்டுக்கு எழுதுவீங்களா?”

அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். நான்கு வீட்டுக்கும் பட்டா கிடையாது. இங்கே குடும்பங்கள் இருந்தன என்று ஏதாவது ஒரு அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிட்டால், காலி செய்யச் சொல்லும் நாளில் மாற்றிடமாவது கேட்க முடியும். “கண்டிப்பா எழுதுவோம்கா” என்றேன். அந்த நிமிஷத்தில் அது பொய் இல்லை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அவர் வீட்டு மொட்டைமாடியில் பெட்டியை மாட்டிவிட்டு நிபந்தனைகளைச் சொன்னேன். பக்கத்தில் புகை வந்தால் அளவு கெட்டுப்போகும். மூன்று நாளைக்கு விறகடுப்பு மூட்டக் கூடாது, குப்பை கொளுத்தக் கூடாது, வாசலை வறட்டுத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. நான்கு வீட்டிலும் வெந்நீரும் சோறும் வெளி அடுப்பில்தான். ஆனாலும் அக்கா முகம் சுளிக்கவில்லை. “எங்க ஊடுங்க ஏறணும்னா மூணு நாளு இன்னா, முப்பது நாளு!” என்று சொல்லிவிட்டு மற்ற வீடுகளுக்கு உத்தரவு போடப் போய்விட்டார்.

மறுநாள் தாள் மாற்றப் போனபோது அவருடைய ராஜ்ஜியத்தைப் பார்த்தேன். வாசலில் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். அடுப்புக் கல்லின் மேல் அண்டாவைக் கவிழ்த்துவைத்திருந்தார். கடைசி வீட்டில் பிறந்து இருபது நாளான குழந்தை. அதைக் குளிப்பாட்டும் வெந்நீருக்காக அக்கா நெடுஞ்சாலை டீக்கடைக்கு ஃபிளாஸ்க்கோடு இரண்டு நடை நடந்திருந்தார். “ஒரு ஆளு பீடி பத்த வச்சான்மா, தொரத்தி வுட்டேன்” என்று சிரித்தார். அவருடைய கணவர்தான் அந்த ஆள். நானும் சிரித்தேன்.

மூன்று தாள்களும் ஏறக்குறைய வெள்ளையாகவே வந்தன. அந்தப் புழுதிச் சாலைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு காற்று கிடைத்ததை நம்பவே முடியவில்லை.

அலுவலகத்தில் என் மேலாளர் அட்டவணையைப் பார்த்தார். “வாய்க்கால் ஓரம் நாலு வீடுன்னு போட்டிருக்கியே, பட்டா இருக்கா?”

“இல்ல சார். ஆனா ஆள் இருக்காங்க.”

“ஆக்கிரமிப்புக்குப் பேர் வீடாம்மா? காலி நிலம்னு போடு.”

நான்கு வீடு என்று இருந்த இடத்தில் ‘காலி நிலம்’ என்று போட்டேன். பெட்டி வைத்த இடம் ‘குடியிருப்பு மொட்டைமாடி’ என்று இருந்ததை அழித்து ‘கிழக்கு எல்லை’ என்று மாற்றினேன். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. நான் வேலையில் சுறுசுறுப்பு என்று பெயர் வாங்கியவள்.

மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அக்கா லீவு போட்டுவிட்டு வந்திருந்தார், இருப்பதில் நல்ல புடவையில். மைக்கைப் பிடித்து, “நாங்க நாலு குடும்பம் கீறோம் சார். அறிக்கையில காலி நிலம்னு போட்டுக்கீதாம்” என்று மின்வாரிய அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

மேலாளர் எழுந்தார். அவருடைய குரல் எப்போதும் வெண்ணெய். “கரண்ட் கனெக்‌ஷன் ஒரு ஷெட்டுக்கும் குடுப்பாங்க சார். அந்த எடத்துக் காத்தையே அளந்திருக்கோம், பாருங்க. நாலு குடும்பம் விறகடுப்பு எரிச்சா இவ்வளவு சுத்தமா வருமா? ஆள் இல்லாத எடத்துக் காத்து சார் இது.”

அவர் இதைச் சொல்வார் என்று எனக்குத் தெரியாது. மேடையில் இருந்த அதிகாரி காற்று அட்டவணையைப் பார்த்துத் தலையாட்டினார்.

அக்கா சிரித்துவிட்டார். பயம் போன சிரிப்பு. பதில் கையிலேயே இருக்கிறதே! “அய்ய, இதுக்கா சார்? தோ, இந்தப் பொண்ணுதான் அடுப்பு மூட்டாதீங்கன்னு சொல்லுச்சு. மூணு நாளும் மூட்டல. பச்சப் புள்ளைக்குக்கூட மூட்டல. நீயே சொல்லும்மா” என்று என் பக்கம் கையை நீட்டினார். முகத்தில் அவ்வளவு நம்பிக்கை.

“நீங்க சொன்னீங்களா?” என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

மேலாளர் என்னைப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“இல்ல சார். அப்படிச் சொல்றது எங்க வழக்கம் இல்ல” என்றேன்.

வெட்கமாக இருந்தது. வேலை தப்பியது என்ற நிம்மதி அதைவிடப் பெரியதாக இருந்தது. அடுத்தவர் பேச வேண்டும் என்று யாரோ மைக்கை அக்கா கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

கூட்டம் முடிந்து வாசலுக்கு வந்தபோது அக்கா அங்கே நின்றிருந்தார். திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று தயாராகத்தான் போனேன். அவர் கத்தவில்லை.

“உன் பேச்சக் கேட்டுத்தான் அடுப்ப அணைச்சோம். இனிமே எங்க போய் மூட்டுறது? அதையும் நீயே சொல்லிட்டுப் போ.”

பதில் சொல்ல வாய் வரவில்லை என்று எழுத ஆசைதான். வாய் வந்தது.

“கலெக்டர் ஆபீஸ்ல ஒரு மனு குடுங்கக்கா” என்றேன்.