தை மாதத்தில் முளைத்த நெல்

ஈரச் சாக்கில் கட்டி வைத்த விதைநெல்லின் புளித்த வாடை எனக்குப் பழக்கமானதுதான். அதே வாடை அறுவடைக்கு நின்ற வயலிலிருந்து வீசியதை நான் ஏழாம் வகுப்புப் படித்த அந்தத் தை மாதத்தில்தான் முதன்முதலாக நுகர்ந்தேன்.

அலங்காநல்லூருக்குக் கிழக்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருந்தது. ஆடி மழை பொய்த்து, கால்வாய்த் தண்ணீர் பிந்தி வந்து, முதல் நாற்று வெயிலில் கருகிப்போக, இரண்டாம் முறை நாற்று விட்டு அப்பா நட்ட பயிர் அது. கதிர் முற்றி, 'பெல்ட் வண்டி' என்று நாங்கள் சொல்லும் அறுவடை இயந்திரத்துக்கும் சொல்லி வைத்திருந்தோம். அது வருவதற்கு முந்தின நாள் மழை பிடித்தது. ஆறு நாள் விடவில்லை. பொங்கல் முடிந்தபின் அப்படியொரு மழையை அப்பா பார்த்ததே இல்லை.

மழை விட்டபோது பயிர் தரையோடு படுத்திருந்தது. வண்டிக்காரர் வரப்பில் நின்றபடியே பார்த்துவிட்டு, "எறக்குனா வண்டி பொதைஞ்சுரும்ண்ணே" என்று திரும்பிவிட்டார். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். சாய்ந்த கதிர்களைக் கைப்பிடி கைப்பிடியாக நிமிர்த்திச் சேர்த்துக் கட்டினாள். பள்ளிக்கூடம் போகாமல் நானும் கட்டினேன். மூன்றாம் நாள் நான் நிமிர்த்திய கதிரில் ஒவ்வொரு மணியிலும் வெள்ளையாக முளை விட்டிருந்தது. அம்மாவிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு அடுத்த பிடியைக் கட்டினாள்.

வரப்பிலிருந்து அப்பா அம்மாவிடம், "விடு செல்வி, அம்புட்டும் மொளச்சுருச்சு" என்றார்.

"இந்தப் பக்கம் இன்னும் மொளைக்கல."

"நாளைக்கு மொளைச்சுரும். ஏறி வா."

அம்மா ஏறவில்லை. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் இறங்கினார். பயனில்லை என்று தெரிந்த வேலையை இரண்டு பேர் அவ்வளவு கவனமாகச் செய்து அதற்குப் பின் நான் பார்த்ததில்லை.

மறுநாள் அப்பாவே ஊர் மாடுகளை வயலுக்குள் மேயப் பத்திவிட்டார். "யாரு மேல கோவப்படுறதுன்னே தெரியல தாயி" என்று என்னிடம் சொன்னார். 'பருவநிலை மாற்றம்' என்று அதற்கொரு பெயர் இருப்பதைப் பின்னாளில் கல்லூரியில் படித்தேன். அவரிடம் போய்ச் சொல்லத் தோன்றவில்லை.

அடுத்த இரண்டு வருடமும் இப்படியே, ஒரு வருடம் காய்ந்தும் ஒரு வருடம் நனைந்தும் போயின. இப்போது ஆனையூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அப்பா செல்லூரில் ஒரு விசைத்தறிப் பட்டறைக்கு வேலைக்குப் போகிறார். நிலம் தரிசாகக் கிடக்கிறது. முன்பெல்லாம் தூறல் விழுந்தால் அம்மா வாசலுக்கு வந்து கையை நீட்டி, "நல்லாப் பேயட்டும்" என்பாள். அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் இல்லாமல் போய்விட்டது. மழை தொடங்கினால் அப்பாவும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்; பிறகு அம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறாள்.