குளிர் கேட்ட பெட்டி

குணமணி முதன்முதலில் பார்த்த கணக்கு மெசினுக்குப் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருந்தது. அப்போது அவளுக்கு ஏழெட்டு வயதிருக்கும். அம்மா இராக்கம்மாவோடு தோட்டத்து ஆபீசுக்குப் போனவள், ஜன்னல் கம்பிக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தாள். உள்ளே கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் இரகுநாதன், மேசைமேல் கறுப்பாக ஒரு இரும்பை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கறகறவென்று சுற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, கிளாக்கரையா தேங்கா துருவுறாரு."

"வாய மூடு."

"அப்ப தேங்காய எங்க காணோம்?"

இராக்கம்மா மகளின் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அந்த நேரம் பார்த்து இரும்புக்குள்ளிருந்து 'ணிங்' என்று ஒரு மணி அடித்தது. கிளாக்கர் சட்டென்று நிறுத்தி, கைப்பிடியை ஒரு சுற்றுப் பின்னால் சுற்றினார். பிறகு ஏதோ எழுதினார். குட்டு வாங்கிய வலியை மறந்து குணமணி அந்த மணி இன்னொரு தடவை அடிக்காதா என்று நின்றாள். அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

இலங்கை மலைநாட்டில், அப்புத்தளைக்குக் கீழே, கொஸ்லந்தைப் பக்கமாக இறங்கும் சரிவில் இருந்தது அந்தத் தோட்டம். இராக்கம்மா அங்கே கொழுந்து பறித்தாள். மகள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் முடித்து, மேட்டில் ஏறி அப்புத்தளையில் படித்து, கணக்குப் பாடத்தில் நல்ல மார்க்கும் மற்றதிலெல்லாம் சுமாருமாக வெளியே வந்தாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மடுவத்தில், அதாவது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில், நிறை எழுதும் வேலை கிடைத்தது. கொஞ்ச காலத்தில் ஆபீசுக்குள் ஒரு நாற்காலி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து போய் அந்த ஆபீசில் உட்கார்ந்த முதல் பெண் அவள்தான். ஆனால் அவளுக்குப் பெருமை அதிலில்லை. கைப்பிடி மெசினுக்கு எதிரே உட்கார்ந்திருப்பதுதான் பெருமை.

இரகுநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். மலைநாட்டுக்கு வந்து பாதி ஆயுள் போய்விட்டது, பேச்சு மட்டும் ஊரை விடவில்லை. முதல் வாரமே அவளைக் கூப்பிட்டு மெசினைக் காட்டினார்.

"முப்பத்தேழை இருபத்துநாலால பெருக்கு பாப்பம். முப்பத்தேழை இதில வை. நாலு தரம் சுத்து. இப்ப அடியில ஓடுற இந்த வண்டிலை ஒரு இடம் தள்ளு. இனி ரெண்டு தரம் சுத்து."

சுற்றினாள். சிறிய ஜன்னல்களில் வெள்ளை எண்கள் புரண்டு வந்து நின்றன. எட்டு, எட்டு, எட்டு. மூன்று எட்டுகளும் அக்கா தங்கச்சிகள் மாதிரி வரிசையாக நின்று அவளைப் பார்த்தன.

"ஐயா, இந்த மணி எதுக்குங்க?"

"வகுக்கிறதெண்டா என்ன? கழிச்சுக் கழிச்சுக்கொண்டு போறதுதானே. கழிக்க ஒண்டும் இல்லாத இடத்தில இன்னும் ஒருக்காச் சுத்தினா அடிக்கும். போதும், நிப்பாட்டு எண்டு சொல்லுது."

"இரும்புக்கு எப்படிங்க தெரியும் போதும்னு?"

இரகுநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருசமாகச் சுற்றுகிறவருக்கு அந்தக் கேள்வி வந்ததே இல்லை. "பல்லுச் சக்கரம் பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது மெசின் கல்யாணத்தோடு வந்தது. புருசன் முருகையா, கொழுந்தைத் தேயிலையாக்கும் ஸ்டோரில் வேலை செய்கிறவன். தோடு வாங்கித் தருவதாகச் சொல்லிப் பண்டாரவளைக்குப் போனவன், உள்ளங்கையளவு கல்குலேட்டர் ஒன்றோடு வந்தான். பற்றரி வேண்டாம், வெளிச்சத்திலேயே ஓடும் என்று கடைக்காரன் சொன்னதும் அவனுக்குத் தோடு மறந்துபோயிற்று. இராக்கம்மா மருமகனோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. குணமணி தோட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அத்தனை பெரிய இரும்பு, எண்ணெய், பல்லுச் சக்கரம், கைவலி எல்லாம் எப்படி இந்த வில்லைக்குள் போய்ப் படுத்துக்கொண்டன என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அதற்கும் ஒரு குணம் இருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவந்து ஜன்னலை அடைத்தால், எண்கள் சாயம் போய், மங்கி, கண்ணெதிரே காணாமல் போகும். கூட்டிக்கொண்டிருந்த கணக்கைப் பனி தின்றுவிடும். குணமணி அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெளிச்சம் தேடி வாசலுக்கு ஓடுவாள். மலையிலிருந்து இறங்கும் பெண்கள் சும்மா விடுவார்களா?

"அடியே, கிளாக்கரம்மா கணக்கக் காய வைக்குதுடி!"

"நல்லா காயப்போடு ஆயி, எங்க கொழுந்துல ஈரத்துக்குன்னு கழிக்கிறீங்கல்ல, அதையும் சேத்துக் காயப்போடு."

அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே பனிக்குள் ஒரு வெளிச்சத் துண்டைத் தேடுவாள்.

மூன்றாவது மெசின் இரண்டாயிரத்து ஒன்றில் வந்தது. பண்டாரவளைக் கடையிலிருந்து காமில் என்ற வாலிபன் வேனில் கொண்டுவந்து இறக்கினான். டெலிவிசன் மாதிரி ஒன்று, நிமிர்ந்து நிற்கும் பெட்டி ஒன்று, எழுத்துப் பலகை, சத்தம் போடும் பிரிண்டர். வந்த அன்றே, தோட்டத்து மானேஜரான பெரிய துரை விசயத்தை வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்.

"மூணு மாசம் பாப்பேன், குணமணி. மாசக் கடைசியில கொழுந்துக் கணக்கு இதுலயிருந்து வரணும். வரலைன்னா கம்பனி கொழும்புலயிருந்து படிச்ச ஆள் அனுப்பும். நீ திரும்ப மடுவத்துக்குப் போகணும்."

மடுவம் அவளுக்குப் புதிதல்ல. அங்கே போகவேண்டி வருமே என்பதைவிட, இந்தப் பெட்டி இங்கேயே இருக்க, வேறு யாரோ அதன் முன்னால் உட்கார்ந்திருக்க, தான் மறுபடியும் ஜன்னலுக்கு வெளியே நிற்கவேண்டி வருமே என்பதுதான் அவளுக்குப் பெரிய பயம்.

காமில் நாலைந்து தடவை வந்து சொல்லிக்கொடுத்தான். கட்டம் கட்டமாக இருக்கும் பக்கத்தில் பெயரும் நிறையும் எழுத, கடைசிக் கட்டத்தில் கூட்டுத்தொகை தானாக வந்து உட்கார்ந்தது. அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு பெண்ணின் நிறையில் ஒரு கிலோவைத் தவறாகப் போட்டுவிட்டாள். போய்த் திருத்தினாள். திருத்திய மறுகணம், அவள் கேட்காமலே, பக்கத்தின் அடியில் மொத்தம் மாறியது.

குணமணி கையை எடுத்துக்கொண்டாள். மறுபடி தவறாகப் போட்டாள். அடியில் மாறியது. திருத்தினாள். மாறியது. மேலே ஒருத்தியின் கூடையில் ஒரு கிலோ ஏறி இறங்கினால் கீழே தோட்டம் முழுவதும் ஏறி இறங்கியது. இரகுநாதனைக் கூப்பிட்டாள், காவற்காரனைக் கூப்பிட்டாள், சாயங்காலம் அம்மாவையும் கூட்டிவந்தாள்.

இராக்கம்மா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். "யாரு கூட்டுறது?"

"அதுவே கூட்டுதும்மா."

"அப்ப நீ என்னா செய்ற?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அதுக்கா ஒனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க? தொரைகிட்ட சொல்லிப்புடாத."

முதல் மாதம் பாதிப் பெயர் விட்டுப்போயிற்று. இரண்டாவது மாதம் கணக்கு வந்தது, ஆனால் இரண்டு நாள் பிந்தி. துரை கொழும்புக்குப் போன் பேசும்போது, "ஆளைப் பார்த்து வையுங்கள்" என்று சொன்னதாக இரகுநாதனின் காதில் விழுந்து, அவர் மூலம் அவள் காதிலும் விழுந்தது.

மூன்றாவது மாதக் கடைசி நாள். விடிந்ததிலிருந்து பனி. ஆபீஸ் ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்து, அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். அந்த இடுக்கால் வெள்ளையாகப் பனி உள்ளே வந்து மேசைமேல் தவழ்ந்தது. காமில் போகும்போது படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்: ஈரம் மட்டும் படக்கூடாது மிஸ், ஈரம் பட்டா போச்சு. சூட்டைப் பற்றி அவன் மூச்சுவிடவில்லை. அப்புத்தளையில் வந்து நின்றுகொண்டு சூட்டைப் பற்றி எச்சரிக்க யாருக்குத் தோன்றும்?

"ஐயா, பெட்டி மேல ஈரம் எறங்குதுங்க."

இரகுநாதன் தடவிப் பார்த்தார். விரல் நனைந்தது. எழுந்து போய் அலுமாரியைத் திறந்து, தொழிலாளருக்குக் கொடுக்க வந்திருந்த கம்பளிகளில் ஒன்றை எடுத்து வந்தார். மலையில் மழைக்குத் தலையோடு போர்த்திக்கொள்வது அதுதான். பிள்ளை பெற்றவளுக்குப் போர்த்துவதும், காய்ச்சல்காரனைச் சுற்றி வைப்பதும் அதுதான். அந்தத் தோட்டத்தில் கம்பளிக்குள் போய்க் கெட்டுப்போனதாக எதுவும் கிடையாது.

குணமணி அதை இரண்டாக மடித்து, மேசைக்கடியில் இருந்த பெட்டியின் முன்னும் பின்னும் நன்றாக மூடி, காற்றுப் போகாதபடி இடுக்குகளைச் செருகினாள். உள்ளே அது முனகிக்கொண்டு ஓடியது. "ஒறங்கு ராசா" என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு எண்களை அடிக்கத் தொடங்கினாள்.

மத்தியானத்துக்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. இடையில் ஒருமுறை காலால் உரசியபோது கம்பளி சூடாக இருந்தது. நல்லதுதான், ஈரம் காயும் என்று நினைத்தாள். அதன் பிறகு கொஞ்ச நேரத்தில், ஒரு பெயரின் பாதியில், திரை கறுத்தது. முனகலும் நின்றது.

பட்டனை அமுக்கினாள். ஒன்றுமில்லை. மின்விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கம்பளியை விலக்கிக் கையை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"ஐயா... அனலா கொதிக்குதுங்க. கொன்னுட்டேனுங்க."

இரகுநாதன் போனை எடுத்துக் காமிலைப் பிடித்து, அவள் கையில் கொடுத்தார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"என்ன போத்தினீங்க மிஸ்?"

"கம்பளி."

"கம்பளியா? நீங்க போடுற அந்தக் கம்பளியா?" காமில் சிரித்த சிரிப்பு இரகுநாதனுக்கும் கேட்டது. "மிஸ், அது வேல செய்யக்குள்ள சூடாகும். உள்ள காத்தாடி ஈக்கி, சூட்ட வெளிய தள்ள. நீங்க காத்தாடிட மூக்கயும் வாயையும் பொத்தி வச்சீக்கீங்க. அதுக்குக் குளிர்தான் வேணும். எல்லா ஜன்னலையும் தொறந்து விடுங்க. நல்லா ஆறினபொறகு போடுங்க. மனிசன் மாதிரித்தான், தாங்கேலாமப் போனா விழுந்துரும்."

ஜன்னல்களைத் திறந்தார்கள். அட்டையையும் பிடுங்கினார்கள். பனி உள்ளே வந்து ஆபீசை நிறைத்தது. இருவரும் பல் தந்தியடிக்க எதிரும் புதிருமாக உட்கார்ந்து பெட்டி ஆறுவதற்குக் காத்திருந்தார்கள். நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது.

இரகுநாதன் மெல்லச் சொன்னார். "முந்தி முதல்முதல் செய்த கொம்ப்யூட்டர் ஒரு மண்டபம் அளவுக்கு இருந்ததாம் பிள்ளை. பத்திரிகையில வாசிச்சனான். உள்ளுக்கு ஆயிரக்கணக்கில பல்ப். எல்லாம் எரிஞ்சு சூடு தாங்கேலாம, காத்தடிச்சுக் குளிராக்கிறதுக்கெண்டே தனி மெசின் வைச்சிருந்தவங்களாம்."

"இத காலையிலயே சொல்லியிருக்கலாமேங்க ஐயா?"

"இப்பதானே ஞாபகம் வருது."

அவளுக்குக் கோபம் வந்து, பாதியிலேயே மறந்தும் போயிற்று. ஒரு மண்டபம். பள்ளிக்கூட மண்டபம் மாதிரி ஒன்றை நினைத்துப் பார்த்தாள். கூரை வரை விளக்குகள், அனல், காற்றாடிகள், சுற்றி ஓடும் ஆட்கள். அந்த மண்டபத்தை யார் மடித்தார்கள்? எத்தனை பேர், எத்தனை மடிப்பு மடித்து, கடைசியில் அப்புத்தளைச் சரிவில் தன் மேசைக்குக் கீழே கொண்டுவந்து வைத்தார்கள்? சூட்டைக்கூட விடாமல் சேர்த்து மடித்திருக்கிறார்களே! எங்கேயோ முகம் தெரியாத ஆட்கள் ராப்பகலாக யோசித்த யோசனைதான் இப்போது தன் கைக்குச் சுட்டது என்று அவளுக்குப் பட்டது.

பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. பட்டனை அமுக்கினாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே 'உய்ங்' என்று எழுந்தது. இரகுநாதன் தன்னை அறியாமல் கைகூப்பியிருந்தார். அவள் பார்ப்பதைக் கண்டதும் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

தேத்தண்ணி நேரத்துக்கு முன்னால் சேமித்தது இருந்தது. அதற்குப் பிறகு அடித்ததெல்லாம் போயிருந்தது. விரல் விறைக்க விறைக்க, உதறி உதறி, மறுபடி அடித்தாள். இரகுநாதன் பக்கத்தில் நின்று பெயரையும் நிறையையும் வாசித்தார். இருட்டுகிற நேரம் பிரிண்டர் கிறீச்சிட்டுக் கடைசித் தாளையும் தள்ளியது.

பெரிய துரை உள்ளே வந்தபோது திறந்த ஜன்னல்களைத்தான் முதலில் பார்த்தார். "என்ன இது, வீட்டுக்குள்ள மேகம்?"

"அது வந்து..." என்று இரகுநாதன் இழுத்தார்.

குணமணி எழுந்து நின்றாள். "கம்பளி போத்தி மெசின அணைச்சுப்புட்டேனுங்க. ஈரம் படும்னு பயந்து போத்தினேன். இப்ப ஓடுதுங்க. கணக்கு இந்தாங்க."

துரை தாள்களைப் புரட்டினார். பிறகு கம்பளியைப் பார்த்தார். உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கியது அவளுக்குத் தெரிந்தது.

"கொழும்புல படிச்சவனும் இங்க வந்தா குளிருக்குப் போத்தத்தான் பாப்பான்" என்றார். "நீ ஒரு தரம் செஞ்சாச்சு, இனிச் செய்ய மாட்ட. நீயே இரு."

துரை வாசல்வரை போனபோது குணமணி கூப்பிட்டாள். "தொரைங்க, காமில் தம்பி வரும்போது அந்தப் பெட்டியத் தொறந்து உள்ள பாக்கலாமுங்களா?"

"எதுக்கு?"

"சும்மா பாக்கணுமுங்க."

அடுத்த வாரம் காமில் வந்து திருகாணிகளைக் கழற்றிப் பக்கத்துத் தகட்டை எடுத்தான். குணமணி தரையில் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாள். உள்ளே பாதி வெறும் இடம். பச்சைப் பலகை ஒன்று, வெள்ளிக் கோடுகள், சிறு சிறு கறுப்புச் சில்லுகள். காமில் ஒரு காற்றாடியைத் தொட்டுக் காட்டினான். "இதுக்குக் கீழதான் மிஸ். பிஸ்கட் அளவு. எல்லாக் கணக்கும் அங்கதான்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

மூடியைத் திறந்தபடியே ஒருமுறை போடச் சொன்னாள். காமில் பட்டனை அமுக்கினான். காற்றாடி தயங்கி, அசைந்து, இறகுகள் தெரியாத வேகத்தில் சுழன்றது. அவள் இன்னும் குனிந்தாள். மெல்லிய வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது. "எழும்புங்க மிஸ், மூடணும்" என்று காமில் இரண்டு தடவை சொல்லவேண்டி வந்தது.