சனிக்கிழமைத் தட்டு

கெர்லிண்டே மோட்சர் தன் வாழ்நாளில் சொன்ன பெரிய பொய் படிக்கட்டைப் பற்றியது.

கனடாவில் குடியேறிவிட்ட கொழுந்தன் ருடி மூன்று பேரையும் நான்கு வாரம் வந்து தங்கும்படி அழைத்திருந்தான். மூன்று பேர் என்றால் அவள் கணவன் ஏபர்ஹார்ட், விதவையானதிலிருந்து அவர்களோடு இருக்கும் அவன் அக்கா லோரே, பிறகு இவள். மற்ற இருவரும் பெட்டியை எங்கே வைத்தோம் என்று தேடத் தொடங்கியபோது கெர்லிண்டே சொன்னாள்.

"நான் வரல. நீங்க கிளம்புற வாரம் நம்ம முறை. படிக்கட்டை யார் பெருக்குவா?"

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். அவர்கள் ஊரான எஸ்லிங்கனில் யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் மூன்று வீடுகள். 'பெருக்கும் வாரம்' என்று எழுதிய தகரப் பலகை ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டு வாசலில் தொங்கும். பலகை தொங்கும் வீட்டார் மேலிருந்து நிலவறை வரை பெருக்கித் துடைத்து, சனிக்கிழமை மாலை அதை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். தாய் செத்த வாரத்திலும் பெருக்கியவர்கள் அந்தக் கட்டடத்தில் உண்டு.

"மேல்வீட்டுல மாத்திக்கச் சொல்லிப் பாக்கலாமே" என்றான் ஏபர்ஹார்ட், அரைமனதாக.

"யாருகிட்ட, பான்ட்லேகிட்டயா?" லோரே தம்பியை முறைத்தாள். "ஒரு தடவை மாத்திக்கிட்டா ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவா. இவ சொல்றதுதான் சரி. இவ இருக்கட்டும்."

அவ்வளவுதான். கெர்லிண்டே பாத்திரம் கழுவப் போனாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டாள்.

கனடாவின் மேல் அவளுக்கு விரோதம் இல்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: நான்கு வாரமாவது வீட்டில் குடல் நாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும்.

ரயில் நிலையப் பாலத்தடியில் இருந்த சலவைக்கடையில் அவள் முகப்பு வேலை பார்த்தாள். மேசைமேல் ஒரு கோட்டு வந்து விழுந்தால், அதை விரிப்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள்: இது ஒயின், இது பூனை, இது பயத்தில் வந்த வியர்வை. அவள் மூக்கை முதலாளி மெச்சினார். அந்த மூக்கோடுதான் அவள் சனிக்கிழமைதோறும் தன் சமையலறைக்குள் போக வேண்டியிருந்தது.

சனிக்கிழமை என்றால் புளிக்குடல். மாட்டு இரைப்பையைப் பச்சையாக வாங்கி, உப்பும் வினிகரும் போட்டுத் தேய்த்து, தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, வேகவைத்து, விரல் அகலத்துக்கு நறுக்கி, சிவக்க வறுத்த மாவில் வினிகரும் ஒயினும் ஊற்றிக் கொதிக்க விடுவது. கசாப்புக்கடையில் வெந்து நறுக்கியதே கிடைக்கும். மாமியார் அதை வீட்டுக்குள் விட்டதில்லை. மாமியார் போன பிறகு அவள் நாற்காலியில் லோரே உட்கார்ந்தாள்.

பச்சை இரைப்பை கையில் ஈரத் துவாலை போலக் கனக்கும். தேன்கூட்டைப் போலக் குழி குழியாக இருக்கும். ஒவ்வொரு குழியிலும் அந்த மாடு கடைசியாகத் தின்றது மிச்சம் இருக்கும். விரல் நுனியை விட்டுத் தோண்ட வேண்டும். கெர்லிண்டே வாயால் மூச்சு விட்டபடி தோண்டுவாள். வாயால் விட்டால் நாற்றம் நாக்கில் படியும். பிறகு வேகும்போது அது திரைச்சீலையில் ஏறும், தலைமயிரில் ஏறும், திங்கட்கிழமை கடைக்குப் போட்டுப் போகும் கம்பளிச் சட்டையில் ஏறும். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி அவள் மட்டும் ரொட்டி தின்பாள்.

கல்யாணம் பேசி முடித்த நாளில் லோரே அவளைத் தனியே இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்: "எங்க ஏபர்ஹார்ட்டுக்குக் குடல்னா உயிர். மத்ததை நீ எப்படிச் செஞ்சு போட்டாலும் தின்பான்."

உயிர் என்று சொன்ன பிறகு ஒரு பெண் என்ன செய்வாள்? முப்பது வருஷத்துக்கு மேல் தோண்டினாள்.

ஆனால் ஒன்று. அவன் உண்மையிலேயே ரசித்துத் தின்றான். சனிக்கிழமை மதியம் வானொலியில் கால்பந்து வர்ணனை. சத்தம் லோரேவுக்கு ஆகாது. அதனால் அவன் நீல விளிம்புத் தட்டில் கும்பாரமாகப் போட்டுக்கொண்டு, நிலவறையில் இருக்கும் தன் தச்சுமேசைக்குப் போய்விடுவான். ஆட்டம் முடிந்து மேலே வரும்போது தட்டில் ஒரு பொட்டுச் சாறு இருக்காது. நக்கித் துடைத்தது போலப் பளபளக்கும். அருவருப்பில் கழிந்த ஒரு முழுக் காலைக்கு அந்தத் தட்டுதான் அவளுக்குக் கூலி. இப்படிச் சுத்தமாகச் சாப்பிடுகிறவன் புருஷனாகக் கிடைப்பானா என்று கடையில்கூடச் சொல்லியிருக்கிறாள். அவ்வளவு சுத்தமான தட்டை எதற்குத் தேய்ப்பது என்று, பல நாள் வெறும் தண்ணீரில் அலசியே அடுக்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அதில் கேக் வைத்துத் தின்றிருக்கிறாள்.

அவர்கள் கிளம்பிப் போன கையோடு சன்னல்களை எல்லாம் திறந்தாள். திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தாள். அடுப்புக்குப் பின்னால் இருந்த பிசுக்கைக் கத்தியால் சுரண்டினாள்; மாமியார் காலத்துப் பிசுக்கும் அதில் இருந்தது. லோரேயின் நாற்காலி மெத்தையை முகர்ந்து பார்த்து, மாடிக் கைப்பிடியில் இரண்டு நாள் தொங்கவிட்டாள். வியாழக்கிழமை கடையிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது வீட்டில் எந்த வாசனையும் இல்லை. செருப்பைக் கழற்றாமல் நடையிலேயே நின்றாள். தன் வீடு எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தாள். வெண்ணெய் தடவிய ரொட்டி, முள்ளங்கி, உப்பு. கால் நீட்டி சோபாவில் உட்கார்ந்து தின்றாள். கீழே விழுந்த துணுக்கைப் பொறுக்கவில்லை.

அன்றைக்குத்தான் அந்த எண்ணம் வந்தது. இனி முடியாது என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிப் பார்த்தாள், காலி நாற்காலியிடம். "ஏபர்ஹார்ட், இனி என்னால குடல் கழுவ முடியாது." நாற்காலியில் அவன் முகம் சுருங்குவது போலத் தெரிந்தது. பாவம், அவனுக்கு வேறு என்ன சுகம் இருக்கிறது? குடிப்பதில்லை, ஊர் சுற்றுவதில்லை. ஒரு தட்டுக் குடல், ஒரு கால்பந்து. அதையும் பிடுங்குவதா?

சொல்ல வேண்டாம் என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்தாள்.

சனிக்கிழமை மதியம் படிக்கட்டைத் துடைத்துக்கொண்டே இறங்கினாள். சாக்காகச் சொன்னாலும் முறை முறைதான். நிலவறை வாசலில் மேல்வீட்டு நாய் போல்டி உட்கார்ந்திருந்தது. பருத்த, குட்டைக்கால் நாய். கதவிடுக்கில் மூக்கை வைத்து முனகிக்கொண்டிருந்தது.

"போல்டி, மேல வாடா!" பான்ட்லே அம்மா கைப்பிடியைப் பிடித்து இறங்கி வந்தாள். "ஈரத்துல கால் வெச்சுட்டானா? மன்னிச்சுக்கங்க மோட்சர் அம்மா. நான் என்ன பண்ணட்டும், இன்னிக்குச் சனிக்கிழமைன்னு இவனுக்கு எப்படியோ தெரியுது."

"சனிக்கிழமைன்னா?"

"சாப்பாட்டு நாளாச்சே."

"என்ன சாப்பாடு?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க, உங்க வீட்டுக் குடல்தான். உங்க வீட்டுக்காரர் ரேடியோ போட்டாப் போதும், இவன் பறந்துடுவான். இவனுக்கு முன்னாடி இருந்தாளே ஹெக்ஸே, அவளும் அப்படித்தான். தட்டை வழிச்சு நக்கிட்டு வந்து என் மெத்தைல ஏப்பம் விடுவா."

கெர்லிண்டே துணியைப் பிழிந்தாள். பிழிந்து முடித்ததை மறுபடி பிழிந்தாள்.

"எல்லாத்தையுமா?" என்று கேட்டாள்.

"அவர் எங்க அதைத் தொடறாரு? அதைப் பாத்தாலே அவருக்குக் குமட்டுமாம். எங்க வீட்டுக்காரர் இருந்தப்ப அவர்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. கீழ தச்சுமேசை டிராயர்ல கொத்துக்கறி டப்பா வெச்சிருக்காரே, அதைத்தான் தின்பாரு." சொல்லிவிட்டு பான்ட்லே அம்மா நின்றாள். "அய்யோ. உங்களுக்குத் தெரியாதா? நீங்கதான் நாய்க்குன்னு கொடுத்தனுப்பறீங்கன்னு இல்ல நான் நினைச்சேன்! வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு பிஸ்கட் கொடுத்து, போல்டி சார்பா நன்றின்னு சொல்வேனே?"

சொல்வாள். படிக்கட்டு சுத்தமாக இருப்பதற்கான நன்றி, கிழவி வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று கெர்லிண்டே வாங்கி வைத்துக்கொள்வாள்.

மேலே வந்து அலமாரியைத் திறந்தாள். நீல விளிம்புத் தட்டுகள் ஆறு. ஒன்றின் மேல் ஒன்றாக, எது எது என்று தெரியாமல். அவள் நாக்கு தானாகவே பல்லின் பின்புறத்தைத் தடவிப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமைக் கேக். விரலால் வழித்துத் தின்ற கிரீம். குளியலறைக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். பல் தேய்த்தாள், ஈறில் ரத்தம் வரும்வரை. பிறகு அந்தத் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் வைத்தாள், ஒன்றைத் தவிர.

நாய் நக்கியதுகூடப் பெரிதில்லை என்று சாயங்காலம் தோன்றியது. நாய் பசிக்குத் தின்றது. அந்த மனிதன் காலித் தட்டோடு மேலே ஏறி வந்து, "அருமை கெர்லிண்டே" என்று சொல்லி, மீசையைத் துடைத்துக்கொள்வானே, ஒன்றும் ஒட்டியிராத மீசையை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லை. அக்காவிடம் இல்லை. பிறகு பெண்டாட்டியிடமும் சொல்லாமல், அவள் விரல்களை மாட்டுக் குடலில் விட்டுவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கனடாவிலிருந்து தொலைபேசி வந்தது.

"எல்லாம் வசதிதான்" என்றான் ஏபர்ஹார்ட். "ருடி தினம் கறி சுடறான். ஆனா உன் குடல் மாதிரி வருமா? நேத்து நெனச்சுக்கிட்டேன்."

"அவ்வளவு ஏக்கமா?"

"பின்ன? படிக்கட்டு பெருக்கியாச்சா?"

"ஆச்சு. வர்ற அன்னிக்குச் சனிக்கிழமைதானே. செஞ்சு வெக்கிறேன்."

"உனக்கு எதுக்குச் சிரமம்" என்றான்.

மிச்ச நாட்களை அவள் அனுபவித்தாள் என்று சொல்ல முடியாது. வீடு மணமில்லாமல்தான் இருந்தது. ஆனால் அவன் கோட்டு, அவன் தலையணை, அவன் சவரத் தூரிகை என்று எதைப் பார்த்தாலும் தொடத் தோன்றவில்லை. கடையில் அந்நியர்களின் அழுக்கை எடுப்பதுபோல இரண்டு விரலால் எடுத்து நகர்த்தினாள்.

கடைசி வாரம் மாடி ஏறி பான்ட்லே அம்மாவின் கதவைத் தட்டினாள்.

"சனிக்கிழமை மதியம் மட்டும் போல்டியை வெளிய கூட்டிட்டுப் போக முடியுமா? கொஞ்சம் தூரமா."

கிழவிக்குப் புரிந்துவிட்டது. "அய்யோ பாவம்" என்றாள்.

"யாரு?"

"போல்டியைச் சொன்னேன்."

சனிக்கிழமை காலை கெர்லிண்டே கடைசி முறையாகத் தோண்டினாள். இந்தத் தடவை மூக்கால்தான் மூச்சு விட்டாள். ஒவ்வொரு குழியையும் முகர்ந்தாள்.

வந்தவர்கள் தூக்கக் கலக்கத்தில் இருந்தார்கள். லோரே இரண்டு தட்டுச் சாப்பிட்டு, "இதுதான்டி வீடு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள். ஏபர்ஹார்ட் தன் தட்டை எடுத்தான்.

"ஆட்டம் ஆரம்பிச்சிருக்கும். கீழ போய்ட்டு வந்துடறேன்."

"போயேன்."

அவர்கள் வாசலில் மறுபடி பலகை தொங்கியது. மூன்று வீட்டுச் சுற்று முடிந்து அவர்கள் முறை வந்திருந்தது. கெர்லிண்டே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள். நிலவறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே வானொலி கத்தியது. அதற்கு நடுவில் இன்னொரு குரல், தாழ்வாக, கொஞ்சலாக: "போல்டி... டேய், போல்டி... ச்சு ச்சு..."

இந்தக் குரலில் அவன் தன்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. கதவைத் தள்ளினாள். அவன் தட்டும் கையுமாகக் குனிந்து நின்றான்.

"போல்டி வீட்ல இல்ல" என்றாள்.

"எந்தப் போல்டி?"

அவள் ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஆறிப் போகுது. சாப்பிடு."

அவன் அவளைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். முள்கரண்டியால் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தான். மெல்லவில்லை, விழுங்கினான். கண்ணில் நீர் கோத்தது. இன்னொரு துண்டு. நெற்றியில் வியர்வை. அது என்ன வியர்வை என்று அவள் மூக்குக்குத் தெரியும். இப்போது சொல்வான் என்று காத்திருந்தாள். சொல்லிவிட்டால் போதும், தட்டை அவளே பிடுங்கி எறிந்துவிடுவாள். இருவருமே சிரித்தாலும் சிரிக்கலாம்.

"நல்லாருக்கா?"

"அருமை."

"இன்னும் கொஞ்சம்?"

அவன் தட்டை நீட்டினான். "போடு."

மேலே போய்ச் சட்டியோடு கொண்டு வந்தாள். தின்றான். மீசை நுனியில் பழுப்புச் சாறு தொங்கியது. இந்தத் தடவை நிஜமாகவே.

"ஏபர்ஹார்ட், இனி நான் குடல் கழுவ மாட்டேன். இந்த வீட்டுல இனி அது வேகாது."

அவன் முகத்தில் நிம்மதி வந்ததை அவள் பார்த்தாள். அடுத்த நொடியே அதை மறைத்துக்கொண்டான். பெருமூச்சு விட்டான்.

"உன் இஷ்டம். எனக்குத்தான் கஷ்டமா இருக்கும்."

அவள் எழுந்தாள். துடைப்பத்தை அவன் மடியில் வைத்தாள்.

"இந்த வாரம் நம்ம முறை. மேலேர்ந்து கீழ வரைக்கும். மூலைங்களை மறக்காத."

அவன் வாழ்நாளில் படிக்கட்டு பெருக்கியதில்லை. பெருக்கினான். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. பான்ட்லே அம்மா நாயோடு திரும்பி வந்தபோது நடுப்படியில் குந்தியிருந்தான். போல்டி ஓடி வந்து முன்னங்கால்களை அவன் தோளில் போட்டது. மீசையை நக்கத் தொடங்கியது, அவசரமில்லாமல், பழகிய தட்டை நக்குவது போல.

கெர்லிண்டே வாசலில் நின்று அதைப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். உள்ளே லோரேயின் குறட்டை. அந்த அறைக் கதவையும் சாத்தினாள். மிச்சமிருந்த ஒரே நீல விளிம்புத் தட்டு நிலவறையிலேயே கிடந்தது. கிடக்கட்டும். சன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, குளிரில், சோபாவில் கால் நீட்டினாள். அவன் பெருக்கி, துடைத்து, பலகையை அடுத்த வீட்டில் மாட்டிவிட்டு வர நேரமாகும். அதுவரை வீடு அவளுடையது.