அட்டையில் ஏறிய மூன்று வயது

எங்கள் பக்கத்தில் கபடிக்கு முதன்முதலாக மேட் வாங்கிப் போட்டவன் நான். திருத்தங்கலில் என் அச்சகத்துக்குப் பின்னால் காகித ரீல் இறக்குகிற ஷெட் ஒன்று இருந்தது. அதைக் காலி செய்து, தரையைச் சமப்படுத்தி, டெல்லியிலிருந்து லாரியில் மேட்டை வரவழைத்தேன். அதுவரை எல்லாரும் மண்ணில்தான் ஆடினார்கள். மண்ணில் ஆடிப் பழகியவன் திடீரென்று மேட்டில் ஏறினால் கால் ஒட்டிக்கொள்ளும், முட்டி திரும்பிவிடும். டிவியில் ஆடுகிற பெரிய கிளப்புகள் எல்லாம் மேட்டில்தான் ஆடுகின்றன. நம் பையன்கள் அங்கே போக வேண்டுமென்றால் மேட் இங்கேயே இருக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பார்த்தேன், புரிந்தது, அவ்வளவுதான்.

என் அப்பா கரிசல் காட்டில் கூலிக்குப் பருத்தி எடுத்தவர். நான் ஒன்பது வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். குச்சி அடுக்கினேன், லேபிள் ஒட்டினேன், பிறகு லோடு ஏற்றினேன், லாரியோடு வடக்கே போய் அரைகுறை இந்தியில் ஆர்டர் பிடித்தேன். இன்று எனக்கு ஒரு பட்டாசுக் கம்பெனி இருக்கிறது, ஒரு அச்சகம் இருக்கிறது. இருநூறு பேர் என் வாசலுக்குள் வந்து போகிறார்கள். இதைச் சொல்லக் கூச்சப்படுகிறவன் இல்லை நான். சம்பாதித்தவன் சொல்லலாம்.

கபடி அணியையும் அப்படித்தான் உண்டாக்கினேன். கம்பெனியிலும் அச்சகத்திலும் வேலை பார்க்கிற வீட்டுப் பையன்களாகப் பொறுக்கினேன். தினமும் முட்டை, பால், வாழைப்பழம். வாரம் மூன்று நாள் மதுரையிலிருந்து ஒரு மாஸ்டர் வந்து பழக்கினார். இரண்டே வருடத்தில் ஆலங்குளத்து அணி, காரியாபட்டி அணி எல்லாம் எங்கள் சட்டையைப் பார்த்ததும் தண்ணீர் குடிக்கப் போக ஆரம்பித்தார்கள். ஆனால் எனக்கு ஊர்க் கோப்பை போதவில்லை. என் அணியிலிருந்து ஒருவனாவது பெரிய கிளப்பில் ஆட வேண்டும். அந்த ஒன்றுதான் எனக்குப் பாக்கி இருந்தது.

அவனை நான்தான் கண்டுபிடித்தேன். என் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிற ஒரு பெண்ணின் மகன். அவனும் அங்கேதான் வேலை பார்த்தான், காய்ந்த சரக்கைப் பேக்கிங் ஷெட்டுக்குச் சுமக்கிற வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பையன்கள் கோடு கிழித்து ஆடுவார்கள். காரிலிருந்து இறங்கியவன் நின்று பார்த்தேன். அவன் இடது மூலையில் நின்றான். பாடி வருகிறவன் கோட்டைத் தொடக் காலை நீட்டுகிற அந்த நொடியில் கணுக்காலைப் பிடித்துவிடுகிறான். பிடித்தால் விடுவதில்லை. பிடிபட்டவன் அவனைவிட இரண்டு மடங்கு கனம்.

பக்கத்தில் நின்ற லோடுமேன் என்னிடம் சொன்னான். "மொதலாளி, இவன் கையில கால குடுத்தா செருப்பு மட்டுந்தான் திரும்பி வரும்."

மறுநாளே அவனை மேட்டுக்கு வரச் சொன்னேன். மாஸ்டர் ஒரு வாரம் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, நான் பழக்குறதுக்கு இவங்கிட்ட ஒண்ணும் இல்ல. கெடுக்காம இருந்தாப் போதும்" என்றார்.

அந்த வருடம் சென்னையிலுள்ள ஒரு பெரிய கிளப் தன் இளையோர் அணிக்கு ஆள் எடுக்க மதுரைக்கு வந்தது. அங்கே எப்படி என்றால், பெரிய அணிக்கு ஏலத்தில்தான் ஆள் எடுப்பார்கள். பெயர் தெரிந்தவனைத்தான் ஏலத்தில் கேட்பார்கள். பெயர் தெரியாத ஊர்ப்பையன் உள்ளே நுழைய ஒரே வழி இளையோர் அணி. இருபது வயதுக்குள் இருக்க வேண்டும். மூன்று நான்கு வருடம் தங்கவைத்து, சாப்பாடு போட்டு, உடம்பை ஏற்றி, பிறகு மேலே அனுப்புவார்கள். அவனையும் அவன் அம்மாவையும் என் காரிலேயே கூட்டிப்போனேன். விருதுநகர் தாண்டும்வரை அந்தப் பெண் சீட்டின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள். "நல்லா உக்காரும்மா, சீட்டு கடிக்காது" என்றேன். "இருக்கட்டும் மொதலாளி, சேலையில வெடிமருந்து ஒட்டியிருக்கும்" என்றாள்.

அன்றைக்கு அவன் ஆடியதை நான் சாகும்வரை சொல்வேன். கிளப்பில் ஏற்கெனவே ஆடுகிற ஒரு ஆளை விட்டு ஐந்து முறை அவன் மூலைக்குப் பாடி வரச் சொன்னார்கள். ஐந்து முறையும் கணுக்காலைப் பிடித்தான். கிளப்பின் பயிற்சியாளர் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடிவிட்டு என்னிடம் வந்தார். "இவன் எங்களுக்கு வேணும் ஐயா. தை கடைசியில கேம்ப். ஆதார் கார்டைக் கொடுங்க" என்றார்.

கார்டை வாங்கிப் பார்த்தார். மறுபடியும் பையனைப் பார்த்தார்.

"இதுல இருபத்தொண்ணு ஆகுதே."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் மேட்டைப் பார்த்தேன்.

அதற்கு மூன்று வருடம் முன்னால் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். லோடு ஏற்றும்போது கீழே விழுந்து அவள் புருஷனுக்கு முதுகு போய்விட்டது. பையனுக்கும் ஒரு வேலை கொடுங்கள் என்று கம்பெனி வாசலில் வந்து நின்றாள். அவனுக்குப் பதினைந்து. பட்டாசுக் கம்பெனிக்குள் பதினெட்டு ஆகாதவன் கால் வைக்கக் கூடாது, அது சட்டம். நான் சொன்னேன்: "கார்டுல பதினெட்டுன்னு இருந்தா உள்ள விடுவேன். இல்லாட்டி முடியாதும்மா." உதவி என்று நினைத்துத்தான் சொன்னேன். நான் ஒன்பது வயதில் போனவன். பதினைந்து எனக்குச் சின்ன வயதாகவே தெரியவில்லை. பத்து நாள் கழித்துக் கார்டோடு வந்தாள். கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த எவனோ ஒருவன் பிறந்த தேதியை மாற்றிக் கொடுத்திருந்தான். நான் கார்டைப் பார்த்தேன், பையனைப் பார்த்தேன். மீசைகூட இல்லை. "சரி, நாளையிலிருந்து வரச் சொல்லு" என்றேன்.

இந்தக் கதையைப் பயிற்சியாளரிடம் பாதி சொன்னேன். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. அவர் சிரித்தேவிட்டார். "வயசைக் குறைச்சுட்டு வர்றவனைத்தான் நான் பார்த்திருக்கேன் ஐயா. வயசை ஏத்திட்டு வந்தவன் இவன் ஒருத்தன்தான்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பள்ளிக்கூடச் சர்டிபிகேட் ஒண்ணு சொல்லுது, கார்டு ஒண்ணு சொல்லுதுன்னா எங்களால எடுக்க முடியாது. கேம்புக்கு முன்னாடி கார்டைச் சரி பண்ணிட்டு வாங்க. இடத்தை வெச்சிருக்கேன்" என்றார்.

கார் திரும்பி வரும்போது பையன் கேட்டான். "சரி பண்ணிரலாமா மொதலாளி?"

"எனக்குத் தெரியாத ஆபீசா? ஏலே, ஒரு வாரத்துல முடிச்சுக் காட்டுறேன்" என்றேன். அவன் சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டான். என் பேச்சை நம்பித் தூங்கினான்.

ஒரு வாரம் அலைந்தேன். எனக்கு ஆள் இல்லாத இடம் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். போன இடமெல்லாம் நாற்காலி போட்டார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், ஒரே பதிலைச் சொன்னார்கள். பிறந்த தேதியை ஒரு முறைதான் மாற்றலாம். அந்த ஒரு முறை தீர்ந்துவிட்டது. கடைசியில் விருதுநகரில் எனக்குத் தெரிந்த வக்கீலிடம் போனேன். அவர் எல்லாக் காகிதத்தையும் பரப்பிவைத்துப் படித்தார்.

"வழி ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. மொத மாத்துனது பொய்யின்னு மேல எழுதிக் கேக்கணும். ஆனா உங்க கம்பெனி ரிஜிஸ்டர்ல இவன் பதினெட்டு வயசுல சேந்ததா இருக்கு. பி.எஃப்.ல அந்தத் தேதிதான் இருக்கு. அது தப்பு, சேத்தப்போ இவனுக்குப் பதினஞ்சுதான்னு கம்பெனி எழுதிக் குடுக்கணும்."

"யாரு, நானா?"

"உங்க கம்பெனிதான?" என்றார். ஒரு தாளில் தானே எழுதி என் பக்கம் தள்ளினார். "கையெழுத்து விழுந்தா பையன் போயிருவான். லைசென்சும் போயிரும். ரெண்டையும் யோசிச்சுக்கங்க."

அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். சட்டை மாற்றும்போதெல்லாம் தாளையும் மாற்றிக்கொண்டேன். ஒன்பது நாள். கையெழுத்து எனக்குப் பெரிய விஷயம். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டதில் இன்றுவரை ஒழுங்காக வருவது அது ஒன்றுதான். வங்கியில் அதைப் பார்த்தால் எழுந்து நிற்பார்கள். இந்தத் தாளில் அது வரவில்லை.

எனக்குக் காரணம் இல்லாமல் இல்லை. உள்ளே இருநூறு பேர் இருக்கிறார்கள். லைசென்ஸ் போனால் அவர்கள் எங்கே போவார்கள்? சீசன் ஆர்டர் வாங்கியாயிற்று. ஒரு பையனுக்காக இருநூறு பேரா? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்லச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் இருநூறு பேரை நான் நினைத்தது அந்த ஒன்பது நாள் மட்டும்தான். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து நான் நினைத்ததெல்லாம் என்னைத்தான். இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பத்தாவது நாள் காலையில் அவன் அம்மா என் அறைக்கு வந்தாள். குழாய் சுற்றிய பசை விரல்களில் காய்ந்திருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மொதலாளி, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிறாதீக."

"கேளும்மா."

"வக்கீல் ஏதோ தாளு குடுத்தாகளாம்ல. அதுல நீங்க கையெழுத்துப் போட மாட்டீகள்ல?"

என் கை தன்பாட்டில் சட்டைப்பைக்குப் போனது.

"போடச் சொல்லி கேக்க வரல. நீங்க போட மாட்டீகன்னு எனக்குத் தெரியும். எம்புட்டுப் பேரு பொழப்பு இருக்கு. வாயத் தொறந்து மாட்டேன்னு சொல்லிட்டீகன்னா நான் அவங்கிட்ட சொல்லிருவேன். வேலை முடிஞ்சு வந்தா சோறுகூடத் திங்காம வாசப்படியிலேயே உக்காந்திருக்கான். உங்க காரு சத்தம் கேட்டா எந்திரிச்சு நிக்கான். அதப் பாக்க முடியல."

மாட்டேன் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. பெரிய பெரிய வியாபாரிகளிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்னவன் நான். மேஜை மேலிருந்த சாம்பிள் லேபிள்களை ஒழுங்காக அடுக்கினேன். நான் அடுக்குவதை அவள் பார்த்தாள்.

"சரி மொதலாளி" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

அவள் போனதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன், ஞாபகம் இருக்கிறது.

தைக் கடைசியும் வந்தது. சென்னையில் கேம்ப் ஆரம்பித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு அவன் வந்தான், வரமாட்டான் என்று நினைத்திருந்தேன். அதே இடது மூலையில் நின்றான். எங்கள் பையன்களில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் பாடிக்கொண்டு போய், இவனுக்கு முன்னாலேயே காலை நீட்டினான். இவன் குனிந்தான். கையும் போனது. ஆனால் பிடிக்கவில்லை. கால் தன்பாட்டில் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. இரண்டாம் முறையும் அப்படியே. மாஸ்டர் விசிலை ஊதி, "என்னலே ஆச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்ல மாஸ்டர். தெரியுது. புடிக்கத்தான் தோண மாட்டேங்குது" என்றான்.

அதற்குப் பிறகு அவன் மேட்டுக்கு வரவில்லை. என் கம்பெனியிலிருந்தும் நின்றுகொண்டான். இப்போது சிவகாசியில் ஒரு லாரி செட்டில் லோடு ஏற்றுகிறான், அவன் அப்பா பார்த்த வேலை. அம்மா மட்டும் என்னிடம்தான் குழாய் சுற்றுகிறாள். என்னைப் பார்த்தால் எப்போதும்போல எழுந்து நிற்கிறாள். உட்காரும்மா என்று சொன்னால் உட்காருகிறாள். அவள் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த வருடம் அந்தப் பயிற்சியாளரே போன் செய்தார். "ஐயா, உங்க பக்கத்துல வேற யாராவது இருக்காங்களா? இந்தத் தடவை இன்னும் சின்ன வயசா எடுக்குறோம். பதினாறு, பதினேழு. காகிதம் சுத்தமா இருக்கணும்" என்றார்.

எனக்கு மறுபடியும் ரத்தம் சூடானது. என் அணியில் அப்போது பதினோரு பேர், எல்லாம் பொடிப்பையன்கள். அன்று சாயங்காலமே எல்லாரையும் கார்டு கொண்டுவரச் சொன்னேன். ஷெட்டில் ஒரு மேஜை போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முகத்தைப் பார்ப்பேன், கார்டைப் பார்ப்பேன். பதினாறு வயது முகத்துக்குக் கார்டில் பத்தொன்பது. பதினேழுக்கு இருபது. பால்பல் விழுந்து ரொம்ப நாள் ஆகாத ஒருவனுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. சரியான வயதோடு இருந்தவர்கள் மூன்று பேர். அந்த மூன்று பேருக்கும் ஆட்டம் வராது, உடம்பு தேறட்டும் என்று அப்பன்மார் சேர்த்துவிட்டவர்கள். ஆட்டம் வருகிற எட்டுப் பேரும் ஏதோ ஒரு கம்பெனி வாசலில் வயதைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனவர்கள். அதில் நாலு பேர் போனது என் வாசல்.

பையன்கள் வரிசையாக நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதற்குக் கார்டு கேட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

வெளியே போய்ப் பயிற்சியாளருக்குப் போன் போட்டேன். "இல்ல சார், இந்த வருஷம் ஆள் இல்ல" என்றேன்.

"அம்புட்டுப் பெரிய மேட் போட்டு வெச்சிருக்கீங்க, பதினாறு வயசுல ஒருத்தன்கூடவா இல்ல?" என்று என் பேச்சைப் போலவே பேசிக் கேலி செய்தார்.

"எங்க ஊர்ல அந்த வயசுல ஆளே கெடையாது சார்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுப் போனை வைத்தார். நான் உள்ளே போய்க் கார்டுகளை அவரவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். கார்டை டவுசர் பைக்குள் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆட ஆரம்பித்தார்கள்.