தர்மராஜ் எழுதிய நானூறு அட்டைகள்

பட்டப்பகலில் நடந்தது என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். நடந்தது எனக்கு. விருத்தாசலத்தில், 1976 ஏப்ரல் 21, புதன்கிழமை, உச்சிப் பொழுதில். பீங்கான் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவனுக்குப் பகல்தான் ராத்திரி.

தர்மராஜ் எங்கள் ஆய்வுக்கூடத்துக் குமாஸ்தா. அடிக்கடி சென்னை போய்க் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றவன். அட்டைக்கு ஒரு புரோகிராம் என்று நானூறு சேர்த்திருந்தான். அட்டை விளிம்பில் வரிசையாகத் துளைகள். சராசரி கணக்கிட ஒரு துளை, எண்களை வரிசைப்படுத்த ஒரு துளை. அந்த வேலையைச் செய்யும் அட்டைகளில் மட்டும் துளையை விளிம்புவரை வெட்டித் திறந்துவிடுவான். கட்டுக்குள் ஸ்வெட்டர் பின்னும் ஊசியைச் செருகித் தூக்கினால் வேண்டிய அட்டைகள் மட்டும் கீழே விழும். கடைசித் துளை, அவனே யோசித்து எழுதியவற்றுக்கு.

ஏப்ரல் 9, சூளைக்குள் பீங்கான் ஏற்றிப் போகும் வண்டி சரிந்து செத்தான்.

நான் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவன். சென்னையில் ஒரு கம்பெனி, சொந்தமாக எழுதிய புரோகிராம்களோடு நேரில் வரச் சொல்லியிருந்தது. அந்த வேலை கிடைத்தால் சூளையை விட்டுப் போய்விடலாம். துக்கம் கேட்கப் போன வீட்டில் அட்டைகள் இருந்த பெட்டியைக் கேட்டேன். ஆபீஸ் காகிதம் என்றேன். பொய்.

அவன் மனைவி ஆதிலட்சுமி பெட்டியைக் காலால் தள்ளிவிட்டாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்க. அவரு வந்து கேட்டா நீங்களே பதில் சொல்லிக்குங்க."

அவன் பெயரைச் சுரண்டி என் பெயரை எழுதினேன். அவனுடையவை என்று காட்டும் கடைசித் துளைகளில் வெட்டிய விளிம்பைக் காகிதம் ஒட்டி அடைத்தேன். இனி அந்த இடத்தில் ஊசி விட்டால் ஒன்றுகூட விழக் கூடாது.

புதன், 12.10. என் அறையில் ஊசி விட்டுச் சோதித்துப் பார்த்தேன்.

ட்ப்.

ஓர் அட்டை விழுந்தது. ஒட்டிய காகிதம் கிழியவில்லை. விளிம்பு மூடித்தான் இருந்தது.

மறுபடி செருகினேன். ட்ப்... ட்ப்... ட்ப். மூன்று. அவற்றிலும் ஒட்டு அப்படியே.

ஜன்னல் சாத்தியிருந்தது. விழுந்தவற்றில் வெள்ளைக் களிமண் பொடி. பெருவிரல் தடம். என்னுடையது அல்ல.

12.25. ஊசியை உருவிக் கீழே வைத்தேன்.

ட்ப்.

ஊசி இல்லாமலே...

ட்ப். ட்ப். ட்ப்.

பிடரியில் சூடு. சூளைக் கதவைத் திறந்தால் அடிக்குமே... அந்தச் சூடு.

திரும்பவில்லை.

பிறகு மணி 3.40. நடுவில் எதுவும் நினைவில்லை. அட்டைகள் பெட்டிக்குள் வரிசையாக இருந்தன. என் காலில் தெருப் புழுதியோடு செருப்பு.

திங்கட்கிழமை, சென்னை. அதிகாரி என் அட்டைகளைப் புரட்டினார். எழுந்துபோய் ஒரு பார்சலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதே நானூறு. அதே எழுத்து, தர்மராஜின் பெயர். கடைசித் துளைகள் திறந்தபடி.

"தர்மராஜ் யாருப்பா? அவருக்குச் சனிக்கிழமையே வேலைக்கு ஆர்டர் அனுப்பியாச்சு."

பார்சலைத் திருப்பிப் பார்த்தேன். விருத்தாசலம் தபால் முத்திரை. ஏப்ரல் 21.

முகவரி மட்டும் என் கையெழுத்தில் இருந்தது.