வான்கோழிக் கொட்டகைக்குள் நடக்கிற வேலை

வான்கோழிகளைச் சோதிக்கப் போகிறவளை வான்கோழிகள் மட்டும்தான் சந்தோஷமாக வரவேற்கும். மற்ற எல்லோரும், பண்ணைக்காரர் முதல் அவருடைய நாய் வரை, என் வான் வண்டி கேற்றுக்குள் திரும்பும்போதே முகத்தை மாற்றிக்கொள்வார்கள். உங்களில் யாராவது டிக்கெற் பரிசோதகராகவோ, உணவகங்களைப் பார்வையிடும் கவுன்சில் ஆளாகவோ இருந்தால் இதை நான் விளக்கத் தேவையில்லை. ஒருவருக்கும் கெடுதல் நினைக்காமலே வேண்டாதவர்களாகிப் போன கூட்டம் நாங்கள்.

தேத்தண்ணி நேரத்தில்

நான் இருப்பது தென் லண்டனில், மிச்சம் என்கிற இடத்தில். குரொய்டனில் இருக்கிற ஒரு தனியார் ஆய்வுகூடத்துக்காகப் பண்ணை பண்ணையாகப் போய் மாதிரி எடுத்து வருவது என் வேலை. ஒரு ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பங்கில் பாடகர் குழுவை நடத்துகிற பிலோமினா அக்கா பக்கத்தில் வந்து இருந்தார். "ஜெசி, நீர் லாபில வேலை எண்டு சொல்லுறீர். அங்க என்னதான் செய்யிறனீர்?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டாரே என்று நானும் ஆர்வமாகச் சொன்னேன். வான்கோழிகளை இறைச்சிக்கு அனுப்ப முந்தின மூன்று கிழமைக்குள் ஒவ்வொரு கூட்டத்தையும் சல்மொனெல்லாக் கிருமிக்குச் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். பறவையைப் பிடித்து ஊசி குத்துவதில்லை. சப்பாத்துக்கு மேல் ஈரத் துணியுறை ஒன்றை மாட்டிக்கொண்டு கொட்டகை முழுக்க நடக்க வேண்டும். தரையில் கிடக்கிற மரத்தூளும் எச்சமும் அதில் ஒட்டும். உறையைக் கழற்றிப் பையில் போட்டு லாபுக்குக் கொண்டுவந்தால் அங்கே கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள். சல்மொனெல்லாவில் எத்தனையோ வகை உண்டு. மனிதரைப் படுக்கையில் போடுகிற இரண்டு வகையைத்தான் சட்டம் முக்கியமாகத் தேடுகிறது. அதில் ஒன்று இருந்தால் அரசாங்கத்துக்கு அறிவித்தே ஆகவேண்டும்.

அக்கா பாதி கடித்த பற்றிஸ் துண்டைத் தட்டில் திருப்பி வைத்தார். "கோழிப்பீ மிதிக்கவோ பிள்ளை, இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தனீர்?"

டெரிக்கின் பறவைகள்

லண்டன் முடிந்து கென்ட் தொடங்குகிற இடத்தில் டெரிக்கின் பண்ணை. மனைவி இறந்தபிறகு தனியாக இருந்தவர். கொட்டகைக்குள் நாள் முழுக்க ரேடியோ போட்டு வைத்திருப்பார். சத்தம் பழகினால் பறவைகள் திடுக்கிட்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசியாது என்பார். முதல் தடவை நான் போனபோது என் கைகளைக் கழுவச் சொன்னார். கழுவினேன். திரும்பவும் கழுவச் சொன்னார். சப்பாத்தைக் கிருமிநாசினித் தொட்டியில் தோய்த்தபிறகுதான் கதவைத் திறந்தார். அவ்வளவு சுத்தக்காரர்.

வான்கோழிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கோழி உங்களைக் கண்டால் ஓடும். வான்கோழி உங்களைத் தேடி வரும். நான் நடக்க நடக்க அந்தப் பெரிய கரும்பழுப்புக் கூட்டம் முழுவதும் பின்னால் வந்தது. நின்றால் நின்றது. ஒன்று என் ஜக்கெற்றின் சிப்பைக் கொத்தியது, இன்னொன்று கழுத்தை நீட்டி என் முகத்தைப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு அடக்க ஏலாமல் போய்விட்டது. டெரிக் கதவடியில் கைகட்டி நின்றபடி சொன்னார்: "அவைக்கு உன்னைப் பிடித்துவிட்டது. எனக்கு இன்னும் இல்லை."

ஆனால் பிறகு பிடித்துப்போனது. ஒவ்வொரு வருஷமும் நான் போகும்போது தேத்தண்ணிக் கேத்தில் கொதித்துக்கொண்டிருக்கும்.

சட்டம் போகாத வயல்

எங்கள் பங்கைச் சேர்ந்த அன்ரன், மன்னார்ப் பெடியன், பஸ் ஓட்டுகிறவர். குரொய்டனுக்கு அப்பால் ஒரு நண்பருடைய வயலில் கொஞ்ச வான்கோழிகள் வளர்த்து, கிறிஸ்மசுக்குத் தெரிந்த குடும்பங்களுக்குக் கொடுப்பார். பெரிய பண்ணைகளுக்கு இருக்கிற இந்தச் சோதனை, அவரைப்போல் சொற்பமாக வளர்த்து நேரே ஆட்களுக்குக் கொடுக்கிறவர்களுக்கு இல்லை. "எண்டாலும் ஒருக்கா வந்து பாக்கட்டோ?" என்று நானாகவே கேட்டேன். "அக்கா, என்ர பறவையள் வெளியில மேயுறதுகள். சுத்தமான சாமானுகள்," என்று சிரித்துவிட்டுப் போனார்.

அந்தக் கிறிஸ்மஸ் முடிந்த கையோடு அவர் மனைவி ரெஜினாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வயிற்றோட்டமும் காய்ச்சலும். நிறைமாதம் வேறு. நான் பார்க்கப் போனபோது அவளுடைய உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. சல்மொனெல்லா என்று சொன்னார்கள். எதில் இருந்து வந்தது என்று ஒருவராலும் சொல்ல ஏலவில்லை. வான்கோழியில் ஒரு துண்டும் மிச்சமில்லை, சோதிக்க. கடையில் வாங்கிய முட்டையாகவும் இருந்திருக்கலாம். பிள்ளை தப்பியது, தாயும் தப்பினாள். ஆனால் அன்ரன் அந்தக் கட்டிலடியில் இருந்த இருப்பை நான் மறக்கவில்லை. தாலாட்டுகிறவர்போல முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

"வாற முறை வந்து நடவுங்கோ அக்கா. சட்டம் கேக்காட்டியும் நான் கேக்கிறன்."

ஓரமாய்

டெரிக்கின் பண்ணையில் வேலை செய்தவர் செல்வம் அண்ணை. யாழ்ப்பாணத்தார். அகதியாக வந்து, பெற்றோல் ஸ்ரேசன், கடை, களஞ்சியம் என்று எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் வான்கோழிகளோடு நிம்மதியாக இருந்தவர். தோர்ண்டன் ஹீத்தில் வீடு. வெள்ளிக்கிழமைகளில் ஆர்ச்வே முருகன் கோவிலுக்குப் போக டெரிக் நேரத்தோடு விட்டுவிடுவார். நான் போகும் நாட்களில் செல்வம் அண்ணை எனக்கென்று தேத்தண்ணியோடு முறுக்கும் வைத்திருப்பார்.

ரெஜினா ஆஸ்பத்திரியில் இருந்ததற்கு அடுத்த வருஷம். கிறிஸ்மஸ் பறவைகள் நிறை கூடிக் கொழுத்திருந்த நேரம். நான் உறையை மாட்டும்போது செல்வம் அண்ணை பக்கத்தில் வந்து குனிந்து, டெரிக்குக்குக் கேட்காமல் தமிழில் சொன்னார்: "தங்கச்சி, கொட்டகைக்குள்ள எலி கண்டனான். மனுசனுக்குச் சொல்லேல்லை, பயந்து போவார். நீர் உங்கால ஓரமாய், புது மரத்தூள் போட்ட பக்கமாய் நடந்திட்டுப் போம்." எலி கிருமியைக் கொண்டுவரும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் எச்சம் படாத பக்கமாய் நடக்கச் சொல்லிக் கேட்டார். அவருடைய முகத்தில் கள்ளத்தனம் ஒன்றும் இருக்கவில்லை. வீட்டில் வருத்தக்காரர் நோயில் படுத்திருக்கும்போது டொக்டரிடம் மெதுவாகக் கதைக்கச் சொல்கிறவரின் முகம் அது.

எனக்கு ரெஜினாவின் வெடித்த உதடு கண்ணுக்குள் வந்தது. "ஏலாது அண்ணை," என்றேன். நடு, மூலை, தண்ணீர்க் குழாயடி என்று கொட்டகை முழுக்க நடந்தேன். பறவைகள் வழக்கம்போல பின்னால் வந்தன. திரும்பி வந்தபோது தட்டில் முறுக்கு இருந்தது, செல்வம் அண்ணை இல்லை. டெரிக் ஒன்றும் அறியாமல் கேத்திலைத் தூக்கிக்கொண்டு வந்தார். "செல்வத்துக்கு இன்றைக்கு என்ன? உன்னோடு கதைக்காமலே போகிறான்."

ராம் பார்த்த தட்டு

லாபில் கிருமி வளர்க்கிற தட்டுகளைப் பார்ப்பது ராம். சென்னைப் பையன், எதையும் பகிடியாகச் சொல்கிறவன். கிருமி வளர்ந்து வகை தெரியச் சில நாட்கள் எடுக்கும். அந்த நாட்களில் நான் அவனுடைய மேசைப் பக்கம் தேவையில்லாமல் போய் வந்துகொண்டிருந்தேன். வியாழன் மத்தியானம் அவன் என்னைக் கூப்பிட்டபோது பகிடி ஒன்றும் வரவில்லை.

"நல்லா தேடிட்டேன்க்கா, வேற வகையா இருந்துடாதான்னு. இல்லக்கா, அந்த ரெண்டுல ஒண்ணுதான்."

டெரிக் கேட்டது

அறிவிக்க வேண்டியவர்களுக்கு லாப் அறிவித்தது. டெரிக்குக்கும் சொல்லியாயிற்று. நான் போகவேண்டிய கட்டாயம் இல்லை, போனேன். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நடக்கப்போவதை அவர் ஏற்கனவே அறிந்திருந்தார். அந்தப் பறவைகள் கொல்களத்துக்குப் போகலாம், ஆனால் மற்றக் கூட்டங்களுக்குக் கிருமி தொற்றாதபடி அன்றைய நாளின் கடைசிக் கூட்டமாக. இறைச்சியில் கிருமி இருந்தால் அதைப் பச்சையாக விற்க ஏலாது. சமைத்துப் பதப்படுத்துகிற இடம் ஏதாவது எடுத்தால்தான் உண்டு. கிறிஸ்மசுக்குப் பறவை சொல்லிவைத்த இறைச்சிக்கடைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டு விலகிவிட்டிருந்தார்கள். பிறகு கொட்டகையைக் கழுவி, கிருமிநாசினி அடித்து, வெறும் கொட்டகையைத் திரும்பச் சோதித்த பிறகுதான் அடுத்த குஞ்சுகள் வரலாம்.

கதவைத் திறந்தோம். ஒரு பறவைக்கும் ஒன்றும் இல்லை. அதுதான் இந்தக் கிருமியின் குணம். வான்கோழிக்குள் சத்தம் போடாமல் இருக்கும். பளபளவென்று செட்டையை விரித்துக்கொண்டு எல்லாம் எங்களிடம் ஓடி வந்தன. டெரிக் ஒன்றின் கழுத்தைத் தடவினார். அதிகாரிகளையோ சட்டத்தையோ அவர் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "இவ்வளவு சுகமாக இருக்கிறதுகளே," என்றார். "வருத்தக்காரர் என்று இதுகளிடம் யார் சொல்வது?"

தோர்ண்டன் ஹீத் கடையில்

கொட்டகை மூடினால் வேலையும் இல்லை. செல்வம் அண்ணையை நான் அதற்குப் பிறகு ஒருநாள் தோர்ண்டன் ஹீத்தில், ஒரு தமிழ்க்கடையில் கண்டேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றார். நான் ஒதுங்கிப் போகத்தான் நினைத்தேன். அவர் கண்டுவிட்டார். வந்து என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். களஞ்சியத்தில் இரவு ஷிப்ட் செய்கிறாராம். முழங்கால் நோகுதாம். பறவைகளை லொறியில் ஏற்றிய அன்று பக்கத்தில் நின்றவர் அவர்தான், டெரிக் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார் என்றும் சொன்னார்.

நான் மனதில் இருந்ததைக் கேட்டேன். "என்னோட கோபமோ அண்ணை?"

அவர் முருங்கைக்காய்க் கட்டைக் கூடைக்குள் வைத்தார். "நான் எலியைப் பற்றி அந்த மனுசனுக்கு முதலே சொல்லியிருக்க வேணும். நீர் செய்தது சரி, தங்கச்சி. சரியாய் இருக்கிறபடியால்தான் கோவம் போகுதில்லை."

வெறும் கொட்டகை

வசந்தம் தொடங்க, அந்தக் கொட்டகையைச் சோதிக்கிற வேலை எனக்கே வந்தது. வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டெரிக் தன் கையாலேயே கழுவியிருந்தார். சுவர் இடுக்கு, விசிறி, தீன் தொட்டி, தண்ணீர்க் குழாயின் மூட்டு என்று ஒன்றையும் விடவில்லை. எலி வந்த பொந்தைச் சீமெந்து வைத்து அடைத்திருந்தார். நான் மூலை மூலையாகத் துடைத்து மாதிரி எடுத்தேன். பின்னால் வர ஒன்றும் இருக்கவில்லை. என் சப்பாத்துச் சத்தம் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது.

முடிவு நல்லதாக வந்தது. ராம் உற்சாகமாகக் கை தட்டினான். இந்தத் தடவை நானே தொலைபேசி எடுத்தேன்: கிருமி இல்லை, சட்டப்படி இனிக் குஞ்சு விடலாம். டெரிக் நன்றி சொன்னார். குஞ்சுகள் எப்போது வரும் என்று கேட்டேன். அவருக்குப் பின்னால் ரேடியோச் சத்தம் இல்லாததை அப்போதுதான் கவனித்தேன்.

"கொட்டகையை மகளின் பழைய மேசை, கதிரைத் தளபாடங்களுக்குக் கொடுத்துவிட்டேன், ஜெசி. அதுகளுக்கு வருத்தம் வராது."

நாங்கள் சரியாக வேலை செய்தால் ஒருவரும் நோயில் விழுவதில்லை என்பதால், எங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள் யார் என்று எங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.